ஷேக்கியைப் பார்த்தேன், சீனு

அன்புள்ள சீனு,

இங்கே எல்லோரும் நலம். பேரன் நன்றாகத் தூங்குகிறான், பகலில் மட்டும். லலிதாவுக்கு முதுகு வலி தேவலை. மூர்த்தி அனுப்பும் 'காலை வணக்கம்' படங்கள் எங்களுக்கு இரவுச் சாப்பாட்டு நேரத்தில் வந்து சேருகின்றன. அவனிடம் சொல்லிப் பார்த்தேன், நிறுத்துகிற ஆளா அவன்?

விஷயத்துக்கு வருகிறேன். உன் மகள் கவிதாவின் ரோபோ ப்ராஜெக்ட் பற்றி நீ எழுதியிருந்தாயே, அதற்குப் பதில் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே போன சனிக்கிழமை மாப்பிள்ளை என்னை மவுண்டன் வியூவில் இருக்கும் கணினி வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஷேக்கி ரோபோ நிற்கிறது, சீனு. நம் ராஜாமணி சார் லேப் கதவில் படம் ஒட்டி வைத்திருந்தாரே, அதே ஷேக்கி. கண்ணாடிக்குப் பின்னால், கிட்டத்தட்ட ஆள் உயரத்துக்கு, தலையில் கேமராவும் ஆன்டெனாவுமாக. நான் அதைவிட்டு நகரவே இல்லை. மாப்பிள்ளை மற்றதையெல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "மாமா, கிளம்பலாமா?" என்று கேட்கும் வரை அங்கேயேதான் நின்றேன்.

நீ எழுதியதை நினைவுபடுத்துகிறேன். "அவள் ரோபோ ஒரு ஹாலைக் கடக்க அரை மணி நேரம் எடுக்கிறது. நடுவில் நாற்காலியை நகர்த்தினால் அப்படியே நின்றுவிடுகிறது. ரிவ்யூவுக்கு வந்தவர்கள் இதனால் யாருக்கு என்ன உபயோகம் என்று கேட்டார்களாம். கேள்வியில் தப்பில்லையே?" படித்ததும் கோபம் வந்தது. ரிவ்யூவுக்கு வந்தவர்கள்மேல் இல்லை, அவர்களுக்கு ஒரு மதியத்தில் இருபது ப்ராஜெக்ட் பார்க்க வேண்டியிருக்கும். உன்மேல்தான் கோபம். தொழிற்சாலை ரோபோ லைனில் தலைமுடி நரைத்தவன் நீ. பெற்ற பெண்ணிடம் போய் இந்தக் கேள்வியைக் கேட்கலாமா? ஆயில் கேன் விவகாரத்துக்குப் பிறகு உன்மேல் எனக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை.

ஷேக்கி என்ன செய்தது என்று கவிதாவிடம் சொல். 1966ல் கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், எஸ்.ஆர்.ஐ. என்ற ஆராய்ச்சி நிலையத்தில் சார்லஸ் ரோசன் தலைமையில் வேலையைத் தொடங்கினார்கள். 1972 வரை நடந்தது. அடியில் மோட்டார் வைத்த சக்கரங்கள், மேலே ஒரு டிவி கேமரா, தூரம் அளக்கும் கருவி ஒன்று, எதிலாவது முட்டினால் தெரிந்துகொள்ளச் சுற்றிலும் மெல்லிய கம்பிகள். அவற்றைப் பூனை மீசை என்றுதான் அவர்களே அழைத்தார்கள். மூளை அதன் உடம்பில் இல்லை. வேறொரு அறையில் பெரிய கணினி இருந்தது, ரேடியோ வழியாகப் பேசிக்கொள்ளும். நகரும்போது உடம்பெல்லாம் ஆடியதால்தான் அந்தப் பெயர்.

அதற்காகவே கட்டிய சில அறைகளில்தான் அது உலாவியது. சுவர் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று கேமராவுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகச் சுவரின் அடியில் கறுப்புப் பட்டை ஒட்டியிருந்தார்கள். உள்ளே இருந்தவை பெரிய பெட்டிகள், ஒரு மேடை, ஒரு சாய்தளம், அவ்வளவுதான். "மேடைமேல் இருக்கிற பெட்டியைக் கீழே தள்ளு" என்று கணினியில் தட்டச்சு செய்வார்கள். ஷேக்கியால் மேடைமேல் ஏற முடியாது. அது யோசித்து, சாய்தளத்தைத் தேடிப் போய், அதை மேடைவரை தள்ளிக்கொண்டு வந்து, அதன்மேல் ஏறி, பெட்டியைத் தள்ளிவிடும். முதலில் இதைச் செய், பிறகு இதைச் செய் என்று யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை. இலக்கை மட்டும் சொன்னார்கள், படிகளை அதுவே அடுக்கிக்கொண்டது. சுற்றிலும் பார்த்து, தான் செய்யப்போவதைத் தானே யோசித்து நகர்ந்த முதல் இயந்திரம் அது என்பதில் பெரிதாகக் கருத்து வேறுபாடு கிடையாது.

எவ்வளவு நேரம் எடுத்தது என்கிறாயா? ஓரடி நகர்வதற்கு முன் நின்று யோசிக்கும். பார்க்க வந்தவர்கள் பொறுமை இழந்திருப்பார்கள். பணம் கொடுத்தது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான ஆர்ப்பா. பார்வையிட வந்த ஒரு ஜெனரல், இதில் 36 அங்குல பயனட் (துப்பாக்கி முனைக் கத்தி) ஒன்றைப் பொருத்த முடியுமா என்று கேட்டாராம். உன் கேள்விக்கும் அந்த ஜெனரலின் கேள்விக்கும் ரொம்பத் தூரமில்லை, சீனு. 1972ல் பணம் நின்றது. ஷேக்கியின் கதை அதோடு முடிந்தது.

கண்ணாடி முன்னால் நான் அசையாமல் நின்றதற்குக் காரணம் இதற்கு அடுத்தது. அந்தக் குழுவில் இருந்த பீட்டர் ஹார்ட், நில்ஸ் நில்சன், பெர்ட்ராம் ரஃபேல் மூன்று பேரும், பெட்டிகளுக்கு நடுவே ஷேக்கி எந்த வழியாகப் போகவேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு முறை வகுத்தார்கள். 1968ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். அதன் பெயர் ஏ ஸ்டார். அதற்கு முன் 1959ல் டைக்ஸ்ட்ரா என்ற கணினி அறிஞர் வெளியிட்ட முறை இருந்தது. அது கிளம்பிய இடத்திலிருந்து எல்லாத் திசையிலும் சமமாகத் தேடிக்கொண்டு போகும். ஆனால் தாம்பரத்திலிருந்து மதுரைக்குப் போகிறவன் திருப்பதிச் சாலையை எட்டிப் பார்த்துவிட்டு வருவதில்லையே. ஏ ஸ்டார் செய்தது இதைத்தான். இதுவரை வந்த தூரத்தோடு, இன்னும் போகவேண்டிய தூரத்தைப் பற்றி ஒரு மதிப்பீட்டையும் கூட்டிக்கொள். கூட்டுத்தொகை எங்கே குறைவோ அங்கே முதலில் தேடு. அந்த மதிப்பீடு உண்மையான தூரத்தைத் தாண்டாத வரை, கிடைக்கிற வழி நிச்சயம் மிகக் குறுகியதுதான் என்பதை நிரூபித்தும் காட்டினார்கள்.

கணினி விளையாட்டில் எதிரி உன் அண்ணன் மகனைத் துரத்தி வருகிறானே, அவன் வழி கண்டுபிடிப்பது பெரும்பாலும் இந்த முறையில்தான். வழி தேடும் மென்பொருள்கள் பல இந்த வம்சத்தைச் சேர்ந்தவை. 1994ல் ஆந்தனி ஸ்டென்ட்ஸ் இதிலிருந்து டி ஸ்டார் என்று ஒன்றைச் செய்தார். போகும் வழியில் புதிதாகத் தடை தெரிந்தால் முழுக்கணக்கையும் மறுபடி போடாமல் தேவையானதை மட்டும் திருத்திக்கொள்ளும். அந்த முறையின் ஒரு வடிவத்தை 2004ல் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி வண்டிகளுக்கு, அவை இறங்கிய பிறகு, பூமியிலிருந்து மென்பொருளாக அனுப்பினார்கள். ஒரு அறைக்குள் பெட்டி தள்ளியதன் பேரப்பிள்ளை செவ்வாயில் வண்டி ஓட்டியிருக்கிறது. இதை அந்த ஜெனரலிடம் 1970ல் யாராவது சொல்லியிருக்க முடியுமா?

நாற்காலி விஷயத்துக்கு வருகிறேன், கவிதா இதைக் கட்டாயம் படிக்கட்டும். ஷேக்கி பற்றி எஸ்.ஆர்.ஐ. ஒரு படம் எடுத்தது. அதில் ஷேக்கி திட்டம் போட்டு வேலையில் இறங்கியதும், மேலங்கி போர்த்திய குட்டிச்சாத்தான் ஒன்று வந்து பெட்டியை நகர்த்திவிட்டுப் போகும். குட்டிச்சாத்தான் வேடத்தில் வந்தது சாட்சாத் சார்லஸ் ரோசன்தான். திட்டம் கெட்டுப்போனால் என்ன செய்வது? அதற்கு ஃபைக்ஸ், ஹார்ட், நில்சன் மூவரும் 1972ல் எழுதிய வழி இது: ஒவ்வொரு படியோடும், இந்தப் படியைச் செய்ய எதெல்லாம் உண்மையாக இருக்கவேண்டும் என்பதையும் சேர்த்து எழுதி வை. ஏதாவது மாறினால் திட்டத்தைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் பார். எந்தப் படிக்கு வேண்டியதெல்லாம் இப்போதும் சரியாக இருக்கிறதோ அங்கிருந்து தொடர். அப்படி ஒரு படியும் இல்லையென்றால் மட்டும் புதிதாகத் திட்டம் போடு. உன் மகள் முட்டிக்கொண்டிருப்பது சரியான சுவரில்தான் என்று அவளுக்குத் தெரியவேண்டும். ரிவ்யூவில் யாரோ நாற்காலியை நகர்த்தியது அவளுக்குக் கெட்டகாலம் இல்லை. அதுதான் உண்மையான பரீட்சை.

இதுவரைக்கும் பொறுமையாகப் படித்தாயா? இல்லை, பாதியில் மூர்த்திக்கு ஃபார்வர்ட் செய்துவிட்டாயா?

அதே கூடத்தில் ஸ்டான்ஃபோர்ட் கார்ட்டும் இருக்கிறது. சைக்கிள் சக்கரம் மாதிரி நான்கு சக்கரம் வைத்த மேசை என்று வைத்துக்கொள். 1960 வாக்கில் ஜேம்ஸ் ஆடம்ஸ் என்ற மாணவர் அதைச் செய்தது, நிலாவில் இருக்கும் வண்டியைப் பூமியிலிருந்து ஓட்ட முடியுமா என்று பார்ப்பதற்காக. சிக்னல் போய்த் திரும்ப இரண்டரை விநாடி ஆகும். அந்தத் தாமதத்தோடு ஓட்டினால் மணிக்கு 300 மீட்டர் வேகத்தைத் தாண்டியதும் கட்டுப்பாடு போய்விடுகிறது என்று கண்டார். அப்படியானால் வண்டிக்கே கண் வேண்டும். பின்னால் ஹான்ஸ் மோரவெக் அந்த வண்டிக்குக் கண் கொடுக்க வருடக்கணக்கில் உழைத்தார். மேலே ஒரு தண்டவாளத்தில் கேமரா இடதும் வலதுமாக நகர்ந்து ஒன்பது படம் எடுக்கும். படங்களை ஒப்பிட்டு எது எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடும். ஒரு மீட்டர் நகரும். மறுபடி நின்று பத்துப் பதினைந்து நிமிடம் யோசிக்கும். 1979ல் நாற்காலிகள் நிறைந்த ஒரு அறையை மனிதர் உதவி இல்லாமல் கடந்தது. சுமார் 5 மணி நேரம் ஆனது.

வெளியே வெயிலில் ஓடவிட்டபோது இன்னொரு தொல்லை. வண்டி யோசித்து முடிப்பதற்குள் சூரியன் நகர்ந்து, நிழல்கள் இடம் மாறிவிட்டிருக்கும். கவிதாவின் அரை மணி நேரத்தை இதோடு வைத்துப் பார்.

இப்போது நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படி. நீயும் நானும் வேலை பார்த்த லைனில் நின்ற கைகள் இந்த வம்சம் இல்லை. அவை யூனிமேட் வம்சம். ஜார்ஜ் டெவால் 1954ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, ஜோசப் எங்கல்பெர்கரோடு சேர்ந்து உருவாக்கிய கை. 1961ல் நியூ ஜெர்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தது. எடை சுமார் 1,800 கிலோ. உருக்கிய உலோகத்தை அச்சில் வார்க்கும் டை காஸ்டிங் இயந்திரத்திலிருந்து சூடான உலோகத் துண்டுகளை எடுத்து வைப்பதுதான் வேலை. அந்த இடத்தில் அதுவரை மனிதக் கைகள் இருந்தன. துரை அண்ணன் வேலையில் இழந்த விரல்களை நினைத்துப் பார்த்தால், அந்த இயந்திரத்துக்கு நான் எத்தனை முறை வேண்டுமானாலும் கும்பிடு போடுவேன்.

ஆனால் அதற்குக் கண் இல்லை. சொல்லிக்கொடுத்த புள்ளிகளுக்குத் திரும்பத் திரும்பப் போகும், அவ்வளவுதான். பாகத்தைப் பிடித்து வைக்கும் ஃபிக்ஸ்ச்சர் தள்ளிப்போயிருந்த அந்த நைட் ஷிஃப்டில் நம் கை தன் பாட்டுக்குத் தப்பான இடத்தில் ஸ்பாட் வெல்டிங் வைத்துக்கொண்டே போனது ஞாபகம் இருக்கிறதா? நீ எமர்ஜென்சி பட்டனை அடித்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அன்று கார் பாடி ஷெல்லோடு போயிற்று. கையைச் சுற்றிய வேலிக்குள்ளே ஆள் இருந்திருந்தால்?

1979 ஜனவரியில் மிச்சிகனில் ஃபோர்டின் வார்ப்படத் தொழிற்சாலை ஒன்றில் அப்படித்தான் நடந்தது. பாகங்கள் அடுக்கியிருந்த ரேக்குக்குள் ஏறிய ஒரு இளம் தொழிலாளியின் தலையில் இயந்திரக் கை ஒன்று அடித்தது. அவர் அங்கேயே இறந்தார். ரோபோவால் இறந்த முதல் மனிதர் என்று பதிவாகியிருப்பவர் அவர். தன் பாதையில் ஒரு ஆள் இருக்கிறார் என்று அந்தக் கைக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அதில் எதுவுமே வைக்கவில்லை.

அதே 1979, சீனு. ஒரு பக்கம், வேகமாக வேலை செய்கிற, கண்ணில்லாத இயந்திரம் ஒரு மனிதரைக் கொல்கிறது. இன்னொரு பக்கம், நாற்காலிமேல் இடிக்காமல் ஒரு அறையைக் கடக்க ஒரு வண்டி ஐந்து மணி நேரம் தவிக்கிறது. அந்த வருடம் யாரையாவது கேட்டிருந்தால் எது உபயோகமான ரோபோ என்று சொல்லியிருப்பார்கள்? வேகமான கையைத்தான். ஆனால் வேகமான கைக்கு இல்லாமல் போனதைத்தான் அந்த வண்டி கற்றுக்கொண்டிருந்தது. உபயோகம் என்ன என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான். வேலிக்கு வெளியே, மனிதர்களுக்குப் பக்கத்தில் ஒரு இயந்திரம் நிற்கவேண்டுமானால் யாராவது இப்படி உட்கார்ந்து தவித்துத்தான் ஆகவேண்டும். 2008ல் டென்மார்க்கில் வேலியில்லாமல் ஆட்களோடு சேர்ந்து வேலை செய்யும் கைகள் விற்பனைக்கு வந்தன. நீ ரிட்டயர் ஆகும் முன் ஒன்றைத் தொட்டுப் பார்த்தாயே, இடித்ததும் நின்றுவிட்டது என்று போனில் குழந்தை மாதிரிக் கத்தினாயே, அந்த வகை.

பணம் நின்ற கதை அமெரிக்காவில் மட்டும் இல்லை. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஃப்ரெடி என்று ஒன்று. குவித்துப் போட்ட மரத் துண்டுகளைக் கேமராவால் பார்த்துப் பிரித்து, பொம்மைக் காரும் படகும் கோர்த்துக் காட்டியது. அதே சமயத்தில்தான், 1973ல், செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சி சொன்ன பலனைத் தரவில்லை என்ற ஜேம்ஸ் லைட்ஹில்லின் அறிக்கை வெளியாகி, பிரிட்டனில் இந்த ஆராய்ச்சிக்கான பணமே வற்றியது. லைட்ஹில் பெரிய கணித மேதை. அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது, ஏனென்றால் இந்தத் துறையில் அப்போது வாக்குறுதிகள் அளவு மீறிப் போயிருந்தன. 1970 நவம்பரில் லைஃப் பத்திரிகை ஷேக்கியை முதல் எலெக்ட்ரானிக் மனிதர் என்று எழுதியது. மூன்றிலிருந்து எட்டு ஆண்டுகளில் சராசரி மனிதனின் அறிவுள்ள இயந்திரம் வந்துவிடும் என்று இந்தத் துறையின் முன்னோடி மார்வின் மின்ஸ்கி சொன்னதாகவும் போட்டது. அப்படிச் சொல்லவில்லை என்று அவர் மறுத்தார். ஆனால் அச்சில் வந்தது வந்ததுதான். அளவுக்கு மீறிப் புகழ்ந்தவர்களும் உபயோகமில்லை என்று தள்ளியவர்களும் அந்த இயந்திரம் உண்மையில் என்ன செய்தது என்பதைப் பார்க்கவில்லை. இரண்டு கூட்டமும் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது.

அதனால்தான் நீ அனுப்பும், ரோபோ குட்டிக்கரணம் போடும் வீடியோக்களைப் பார்த்து எனக்கு மலைப்பு வருவதில்லை. குட்டிக்கரணம் சாதனைதான். 1980ல் ஒற்றைக் காலில் குதிக்கும் இயந்திரத்தில் தொடங்கிய மார்க் ரெய்பர்ட்டின் நாற்பது வருட உழைப்பு அதற்குப் பின்னால் இருக்கிறது. ஆனால் 2010ல் பெர்க்லியில் ஒரு ரோபோ, முன்பின் பார்த்திராத குளியல் துண்டுகளைக் குவியலிலிருந்து எடுத்து மடித்தது. ஒரு துண்டுக்கு ஏறத்தாழ 25 நிமிடம். லலிதா பார்த்திருந்தால் பிடுங்கி மடித்து வைத்திருப்பாள். எனக்கு அந்தத் துண்டுதான் பெரிது. குட்டிக்கரணத்துக்குத் தன் உடம்பு தெரிந்தால் போதும். துண்டு எப்படி விழுந்து கிடக்கும் என்று எந்தச் சூத்திரத்திலும் இல்லை.

ஷேக்கியின் வழி முழுக்கச் சரி என்றும் கவிதா நினைத்துக்கொள்ள வேண்டாம். மோரவெக் ராத்திரியில் வண்டி ஓட்டும்போது கூடமாட உதவிய மாணவர் ரோட்னி புரூக்ஸ். அந்த ஆமை வேகத்தைப் பார்த்துப் பார்த்து, உலகத்தை முழுக்க மனதில் வரைந்துகொண்டு யோசிப்பதே தப்பு, பார்த்ததும் எதிர்வினை செய்யும் சின்னச் சின்னப் பழக்கங்களை அடுக்கடுக்காக வைத்தால் போதும் என்று 1986ல் எதிர்க்கட்சி ஆரம்பித்தார். அவர் சேர்ந்து தொடங்கிய நிறுவனம்தான் 2002ல் தரையைச் சுத்தம் செய்யும் ரூம்பா ரோபோவைக் கொண்டுவந்தது, இங்கே மகள் வீட்டில் கட்டிலுக்கு அடியில் ஓடுகிறதே அது. இன்றைய வண்டிகளில் இரண்டு கட்சியும் கூட்டணி. திட்டம் போட ஒன்று, திடுக்கிட்டு ஒதுங்க இன்னொன்று. கவிதாவின் ரோபோவில் இரண்டாவது இல்லை என்று நீ எழுதியதிலிருந்து ஊகிக்கிறேன். அதனால்தான் நாற்காலியைப் பார்த்ததும் திகைத்து நிற்கிறது.

ஆகவே நீ செய்யவேண்டியது. முதலில், டாபிக்கை மாற்றச் சொல்லாதே. ஏதோ நிறுவனத்தின் இன்டர்வியூ என்று எழுதியிருந்தாயே, அதற்குப் போவதானால் போகட்டும், அது வேறு. இரண்டாவது, ரோபோ ஓடிய ஒவ்வொரு முறையும் என்ன ஆயிற்று என்று அவள் எழுதி வைக்கட்டும், நின்றுபோன தடவைகளையும் சேர்த்து. ஷேக்கி கண்ணாடிக்குப் பின்னால் போய்விட்டது, ஏ ஸ்டார் போகவில்லை. காரணம், அதை இயந்திரத்திலிருந்து பிரித்துத் தனியாக, வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி எழுதி வைத்தார்கள். அவளும் வழி தேடும் பகுதியைத் தனியாக எழுதட்டும். ஆங்கிலத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், நான் பார்த்துத் தருகிறேன். லாக் ஃபைலையும் நாற்காலியை நகர்த்தியபோது எடுத்த வீடியோவையும் எனக்கு அனுப்பச் சொல். மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் இங்கே கிடங்கு ரோபோக்களில் வேலை பார்க்கிறார், அவரிடமும் காட்டுகிறேன். நேரில் பேச வேண்டுமென்றால் உங்களுக்கு ஞாயிறு காலை எட்டு மணி எங்களுக்குச் சரிப்படும்.

அப்புறம், ராஜாமணி சாருக்கு எண்பது வரப்போகிறது. மூர்த்தி ஆளுக்கு இரண்டாயிரம் என்று வசூல் ஆரம்பித்துவிட்டான், என் பங்கையும் நீ கொடுத்துவிடு. அருங்காட்சியகத்தில் எடுத்த ஷேக்கி படத்தைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு எடுத்து வருகிறேன். சாரிடம் இப்போதே சொல்லிவிடாதே.

பார்வதிக்கு எங்கள் விசாரிப்பைச் சொல். சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடு.

அன்புடன்,
ரகு